தானே ஓடு உடைக்காத குஞ்சு

டீ நன்றாக இருக்கிறது ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுடையது கோழிக்குஞ்சு பொரிப்பகம். அப்பா ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு நானும் தம்பியும் பார்த்துக்கொண்டோம். முட்டைகளை இயந்திரத்தில் அடுக்கி மூன்று வாரம் சூடு கொடுத்தால், குஞ்சு தானே ஓட்டைக் கொத்திக்கொண்டு வெளியே வரும். நேரத்துக்கு வராததை முட்டையோடு கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவோம். இதில் கோபதாபம் ஒன்றும் கிடையாது. பலவீனமானது கழிந்தால்தான் இனம் தேறும். இயற்கை சும்மா செய்கிற வேலையை நாங்கள் ஆள் வைத்துச் செய்கிறோம், அவ்வளவுதான்.

தம்பிக்கு மட்டும் இது மண்டையில் ஏறவே இல்லை. அவன் பிறவியிலேயே இளைப்புக்காரன். அவன் இருமினால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள். நான் காய்ச்சலில் கிடந்தால், "நீ பெரியவன், தாங்கிக்குவ" என்பாள். கசப்பாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. அப்படி வளர்ந்தவன், பாதி கொத்தி ஓய்ந்துபோன முட்டைகளை எங்களுக்குத் தெரியாமல் ஒதுக்கி வைப்பான். விரலை நனைத்து ஓட்டைப் பொறுக்கிப் பொறுக்கி உரித்துக் குஞ்சை வெளியே எடுப்பான்.

"இன்னிக்கு நீ உரிச்சு விட்டா, நாளைக்கு இதோட குஞ்சையும் எவனாவது உரிச்சு விடணும்டா," என்றேன் ஒருநாள்.

"அப்படிப் பார்த்தா என்னையே தொட்டியில போட்டிருக்கணுமே அண்ணா," என்று இளைத்துக்கொண்டே சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. அவன் சொன்னதில் தப்பு எங்கே என்று யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் தப்பு அகப்படவில்லை.

அப்புறம் தம்பி மனைவி உண்டானாள். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை, தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த இளைப்பு இன்னொரு தலைமுறைக்கும் போகிறதே என்றுதான் எனக்குக் கவலை. வேறு ஒன்றும் இல்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பொரிப்பு அறைக்குள் போகிறவர்கள் தங்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். குஞ்சுகளை எடுத்து முடித்ததும் அறையைச் சாத்திவிட்டுக் கிருமி கொல்லும் புகை விடுவோம். அந்தப் புகையை நல்ல நுரையீரலே தாங்காது. அதனால் வாசலில் செருப்பு கிடந்தால் கதவைச் சாத்தக் கூடாது. நேற்றுச் சேர்ந்தவருக்கும் இது தெரியும்.

அன்று ஆட்கள் எல்லாம் போன பிறகும் வாசலில் தம்பியின் செருப்பு கிடந்தது. எட்டிப் பார்த்தேன். கடைசித் தட்டின் மேல் குனிந்து எதையோ உரித்துக்கொண்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது.

செருப்பை எடுத்து அலமாரியில் வைத்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். புகையைத் திறந்துவிட்டேன்.

தட்டினான். "அண்ணா, நான் உள்ள இருக்கேன். கவனிக்காம சாத்திட்ட பாரு." கோபமே இல்லாத குரல். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணா, மூச்சு விட முடியல," என்றான்.

நான் கதவைத் தொடவில்லை. திடமானவனாக இருந்தால் உடைத்துக்கொண்டு வந்திருப்பான். அது இரும்புக் கதவு என்கிறீர்கள். குஞ்சுக்கு அதன் ஓடும் அப்படித்தான் ஐயா. தட்டுவது மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிட்டது. கொன்றது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்ந்தெடுத்தது நான் இல்லை.

எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று எதற்குக் கேட்கிறீர்கள்? அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்னும் இல்லை. ஏறி இறங்காத ஆஸ்பத்திரி கிடையாது. இப்போது பார்க்கும் டாக்டரம்மா கெட்டிக்காரி. குறை என்னிடம்தானாம், தானாக நடக்காதாம், அவர் கொஞ்சம் கை கொடுத்தால் நடந்துவிடுமாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஒருநாள் மட்டும் என்னை அனுப்பிவையுங்கள் ஐயா.