அந்தக் கொப்பை விடுங்கோ நானா

ஐயோ நானா, நிப்பாட்டுங்கோ! இப்ப வெட்டின மாங்கொப்பு விழுந்தோன்ன வெயில் நேர எங்கட அறைக்குள்ள வந்து குந்தியிட்டுது. இஞ்ச, இஞ்ச, இந்தச் சின்ன யன்னல். உஷ், மெல்லமாக் கதையுங்கோ. உங்களைத் தெரியாதே எனக்கு? போன கிழமை பின் ஒழுங்கையில மரம் வெட்டின ஷிப்லி நானாதானே.

மற்றக் கொப்பையாவது விடுங்கோவன். ஓம், தெரியும், பக்கத்து வளவுக்காரர் பிளாட் கட்டப் போறார், அவர்தான் உங்களைக் கூப்பிட்டவர். நாளைக்கு வேரோட வெட்டுங்கோ, ஆர் கேக்கிறது? இண்டைக்கு மட்டும் விடுங்கோ.

இப்பிடியே வெள்ளவத்தையில மரமெல்லாம் போனா என்ன நடக்கும் தெரியுமே? சிரிக்காதேங்கோ, நான் வாசிச்சனான். வாகனப் புகை, ஃபக்டரிப் புகை எல்லாம் மேல போய், பூமியைக் கம்பளியால மூடின மாதிரி மூடுதாம். சூடு வெளிய போகேலாது. வருசா வருசம் கூடுமாம், மழை பொய்க்குமாம். பொய்ச்சிட்டுதே! மலைநாட்டில தண்ணி வத்தினபடியாத்தானே பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஃபான் செத்த காகம் மாதிரித் தொங்குது. புகையை இப்பவே குறைக்கோணுமெண்டு உலகத்துப் பெரியாக்கள் கூடிக் கூடிக் கதைக்கினம். கதைச்சுக்கொண்டே இருக்கினம். கம்பளிக்குள்ள கிடக்கிறவனெல்லோ அவியிறான்?

வெளிய வாறதோ? எப்பிடி வாறது? கதவுக்கு வெளியால ஆமைப்பூட்டு. வீட்டுக்கார அருந்ததி அக்கா பூட்டிப்போட்டு வேலைக்குப் போயிட்டா. ஆமி வீடு வீடாத் தேடுற ரவுண்டப் நடக்குதெல்லே. உங்களை அடையாள அட்டையைப் பாத்திட்டு விட்டிட்டாங்கள், நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள், பொலிஸ் பதிவும் இல்லை, கண்டா ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள். பூட்டைக் கண்டா வீட்டில ஒருத்தருமில்லையெண்டு ஆமி போயிடும். ஓம், பூட்டின்ர திறப்பு அவவிட்டத்தான். பின்னேரம் வருவா.

நாங்கள் எண்டா, நானும் என்ர அறைக்கூட்டாளி நமசிவாயமும். கூப்பிடாதேங்கோ நானா, அவன் கதைக்க மாட்டான், படுத்திருக்கிறான். விடியத் தொட்டு ஊத்தி ஊத்தி வேர்த்தவன். இருந்த தண்ணியும் முடிஞ்சுது. முதல் ஏதோ பிசத்தினான், தாயைக் கூப்பிட்டான். உடம்பு நெருப்பு. ஆனா இப்ப வேர்க்கிறது சுத்தமா நிண்டிட்டுது. நல்லதுதானே?

என்ன, வேர்வை நிண்டாத்தான் ஆபத்தோ? ஏன் நானா இறங்குறீங்கள்? கோடாலியோட எங்க... கதவை உடைக்காதேங்கோ, சத்தம் கேக்கும், ஆமி சந்தியிலதான் நிக்குது... நானா!

டேய் நமசி, ஷிப்லி நானா வாறார்டா. கண்ணைத் திற.

நமசி?