சிரித்த முகம்

சலவைக் கடைக் கவுன்ட்டரில் நிற்பவளுக்குச் சிரிப்பதும் வேலைதான், மேடம். கறை போகவில்லை என்று சட்டையை வீசியடிப்பவரிடமும் சிரித்துத்தான் ரசீது கேட்க வேண்டும். அதனால் எனக்கு அது சிரமமாகவே இருந்ததில்லை.

என் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து சீட்டில் ஓட்டிப் பழகுபவரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தே, அவர் பயந்து ஸ்டியரிங்கை விடுவதற்குள் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். நான் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு யாருகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட?" என்பார்.

அப்படிப்பட்டவர், ஓட்டப் பழக வந்த ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருக்க, மேம்பாலத்தில் ஏறச் சொல்லியிருக்கிறார். "அவ அழுதாளா?" என்று என்னிடமே கேட்டார். வேலை போயிற்று. ஞாபக மறதி அதற்குப் பிறகுதான் வந்தது.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "எதிர்ல இருக்கறவங்க பயப்படறாங்களா, அழறாங்களா, கோபமா இருக்காங்களா, எதுவும் அவருக்குப் பிடிபடாதும்மா. வேணும்னு செய்யல. சிரிப்பு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தெரியும். நீங்க சிரிச்ச முகமா இருந்தா அவரும் அமைதியா இருப்பாரு."

எனக்கு நன்றாகவே புரிந்தது.

எங்கள் மகளுக்கு வயிற்றில் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, அப்பா மடியில் முகம் புதைத்து அழுதாள். அவர் அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். "ஏன் மூஞ்சிய இப்படிக் கோணல் பண்ற? குரங்கு மாதிரி இருக்கு" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"நோய்னு எனக்குத் தெரியுதும்மா. ஆனா என்னால முடியல" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு அவள் வரவே இல்லை.

அன்றிலிருந்து டாக்டர் சொன்னபடியே நடந்துகொண்டேன். முகம் துடைத்துவிடும்போது சிரித்துக்கொண்டே, "நீங்க ஏன் இன்னும் உயிரோட இருக்கீங்க?" என்று கேட்பேன். மரியாதையைக் குறைத்ததே இல்லை. அவரும் சிரித்தபடி தலையாட்டுவார். தொடையில் கிள்ளினால் முதலில் கிள்ளிய கையைப் பார்ப்பார், பிறகு என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரிப்பதைக் கண்டதும் சமாதானமாகிவிடுவார். கன்றிப்போன அடையாளங்களைப் பற்றிக் கேட்டீர்களே, அவை நான் செய்தவைதான். ஒவ்வொரு முறையும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். அழுத பிறகும் கிள்ளினேன்.

ஆப்பிள் விஷயத்துக்கு வருகிறேன். விழுங்கச் சிரமப்படுகிறார், எதையும் மசித்தே கொடுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அன்று மதியம் மசிக்க மறந்துவிட்டேன் என்று நேற்று வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. தோலைச் சீவாமல் பெரிய துண்டுகளாக நறுக்கி, நானே ஊட்டினேன். ஒன்றை எப்படியோ மென்று விழுங்கிவிட்டார். அடுத்தது அடைத்துக்கொண்டது. மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் சிரித்தேன்.

ஒன்றும் ஆபத்தில்லை என்று நினைத்திருப்பார். பிடி தளர்ந்தது. போன் என் மடியில்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

அப்பா பயமில்லாமல் போனார், அந்த நிம்மதியையாவது நான் கொடுத்தேன் என்று மகளிடம் சொல்வதாக இருந்தேன். அவர் முகத்தில் என்ன தெரிந்தது என்று நீங்கள் கேட்டதிலிருந்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் உதடு என் சிரிப்புக்குப் பதில் சிரிப்புச் சிரிக்கப் பார்த்தது. கண்ணில் பயம் அப்படியே இருந்தது. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. நோய் அவருக்குத்தான், மேடம். எனக்கில்லை.