கல்லு மாதிரி உத்தரம்

தேத்தண்ணிக்குச் சீனி போதும், சேர். வாக்குமூலம் எழுதமுன் விசிறியை மட்டும் கொஞ்சம் குறையுங்க. மரத்தூள் குடித்த நெஞ்சு, காற்றுப் பட்டால் இருமல் வரும்.

நான் தச்சன்; ஊரார் கூப்பிடுவது ‘பாஸ்’ என்று. கணேஸ் முதலாளியின் மிளகுக் கடை கண்டியில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கீழே வியாபாரம், மேலே பலகைத் தளத்தில் மூட்டைகள். கலஹாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த என் அப்பா வீரய்யா அந்த மூட்டைகளைத்தான் முதுகில் சுமந்தார்.

"மேல் பலகை ஆடுதுங்க முதலாளி" என்று அப்பா எத்தனையோ தரம் சொன்னார்.

"பழைய மரம்டா வீரய்யா. நீயும் நானும் போன பொறகும் நிக்கும்" என்று முதலாளி சிரிப்பார்.

பலகை உடைந்தது. அப்பா மூட்டையோடு கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் பாயில் கிடந்தே முடிந்தார். முதலாளி அந்த இடத்தில் வேறு பலகை அடித்தார். கடை ஒருநாள்கூடப் பூட்டிக் கிடக்கவில்லை.

நான் கத்தவில்லை. பச்சை மரம் காயும்வரை காத்திருக்கிற தொழில் என்னுடையது.

போன வருஷம் முதலாளி கடையை இடித்துக் கொங்கிறீட்டில் கட்டப் பார்த்தார். தெருவார் விடவில்லை. ஜஹானா டீச்சர் ஆட்களைச் சேர்த்து, அதை மரபுக் கட்டடமாக அறிவிக்கச் சொல்லி அலைந்தார். நல்ல மனுஷி. மரத்தைப் பார்த்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்.

மேல்தளத்தைத் தாங்குகிற நடு உத்தரத்தில் உளியை வைத்தேன். பிடிவரைக்கும் இறங்கியது. உள்ளே முழுக்கக் கறையான். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, தேய்த்து, சாயம் பூசினேன். என் கைவேலையிலேயே அதுதான் சுத்தமானது.

"எப்பிடி பாஸ்?"

"கல்லு மாதிரி இருக்கு, டீச்சர்."

அறிவிப்பு வந்தது. இனி அனுமதி இல்லாமல் ஓர் ஆணிகூடப் பிடுங்க முடியாது.

முதலாளி என்னிடமே வந்தார். "மேல கறகறன்னு சத்தம் கேக்குது. யாருக்கும் தெரியாம அந்த உத்தரத்த மாத்திக் குடு, தம்பி."

"பழைய மரம், முதலாளி. நீங்களும் நானும் போன பொறகும் நிக்கும்."

அவருக்கு அந்தப் பேச்சு ஞாபகமே வரவில்லை, சேர். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் உத்தரத்துக்கு ஒரு முட்டுக்கால் கொடுத்தார். மரபுக் கட்டடத்தில் முன்பு இல்லாத கால் இருக்கக்கூடாது என்று டீச்சரிடம் நான்தான் சொன்னேன். வியாழக்கிழமை கடை பூட்டுகிற நேரம், டீச்சரின் உத்தரவென்று அதைக் கழற்றினேன். சுவருக்குள் இருந்த உத்தர நுனியையும் கொஞ்சம் செதுக்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் சாம்பிராணிச் சட்டியோடு முதலாளிதான் முதலில் மேலே ஏறுவார். மூட்டைகளுக்கெல்லாம் அவரே புகை காட்ட வேண்டும். அடுத்தவன் கையில் கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்று பயம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் எதிர்த் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். சட்டியோடு படியில் நின்றது திலக்ஷன். மூட்டை தூக்குகிறவன், அவனும் கலஹாப் பக்கம்தான்.

"முதலாளிக்கு முழங்கால் புடிச்சிருச்சி. இன்னைக்கு நாந்தான் பூசாரி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். "வடையில ஒன்னு வச்சிருங்க பாஸ், வந்துர்றேன்."

முதலாளி கதிரையில் உட்கார்ந்திருந்தார், சரியாக உத்தரத்துக்குக் கீழே. திலக்ஷனைக் கூப்பிட்டால் அவரும் எழும்பிவிடுவார். அதனால் நான் பேசவில்லை. ஒரு வடையை எடுத்து வைத்தேன்.

கடைசி நேரத்தில் யாரோ மிளகு கேட்டு வந்து, முதலாளி வாசலுக்கு எழுந்து போய்விட்டார். உத்தரம் முறிந்து மூட்டைகளோடு விழுந்து செத்தது திலக்ஷன்; முதலாளிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

திலக்ஷனின் மனைவி என் பெயரைச் சொல்லிச் சபித்து அழுகிறாளாம். பாவம், ஆள் மாறி அழுகிறாள். நீங்களாவது அவளுக்கு விளங்கப்படுத்துங்க. மரம் பழுதென்று தெரிந்தும் ஒருத்தனை மேலே ஏறவிட்டவன்தானே, சேர், கொலைகாரன்? அப்பாவைப் புதைத்த அன்றே நான் சொன்னது அதைத்தான்.