பூட்டிய பெட்டி, மடித்த தாள்

ஹலோ... ஆமாக்கா, இன்னும் ஸ்கூல்லதான்... பசங்க எல்லாம் போயாச்சு. நான் மட்டும் கிளாஸ்ல தரையில உக்காந்து அட்டை வெட்டிட்டிருக்கேன்... சாப்பிட்டேன், சாப்பிட்டேன்... சரி, சாப்பிடல. திட்டாதே.

பாப்பா அழறாளா?... தூங்கிட்டாளா? நல்லதாப் போச்சு.

குரலா? ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்லக்கா... ஹெச்.எம். இன்னிக்கு என் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பின்னம் சொல்லிக்குடுக்க வட்டவட்டமா வெட்டி வெச்சிருந்தேனே... ஆமா ஆமா, நீயும் கலர் அடிச்சுக் குடுத்தியே, அதேதான். பசங்க முன்னாடியே! "இது கிளாஸா, சந்தையா?"ன்னாங்க. பீரோவுல வெச்சுப் பூட்டியாச்சு.

சத்தம் இருந்துச்சு, இல்லேங்கல... ஆனா போர்டுல எழுதிப் போட்டா, நாலுல ஒண்ணை விட எட்டுல ஒண்ணுதான் பெருசுங்குதுங்க. ஏன்னா எட்டு பெருசாம்!... சிரிக்காதே. எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பு இல்ல. கையில குடுத்தாதான் புரியுது அதுங்களுக்கு.

இல்ல, எதிர்த்தெல்லாம் பேசல. கேளேன்... முதல்ல கேளு! கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு, வாயே திறக்காதுன்னு சொல்வேன்ல... ஆமா, அந்த ஊமைக்கோட்டான்தான். அது எழுந்து, நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சு, மடிச்சு, மறுபடி மடிச்சு, இன்னொரு தடவை மடிச்சு, விரிச்சு ஹெச்.எம். கிட்ட நீட்டுச்சு. "எட்டுல ரெண்டு சேர்ந்தாதான் டீச்சர் நாலுல ஒண்ணு"ன்னுச்சு... ஆமாக்கா! அதோட குரலை நானே இன்னிக்குத்தான் ஒழுங்காக் கேட்டேன்.

அவங்களா? தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் கிளம்பிப் போயிட்டாங்க... பெட்டியோடதான்.

அதான் மறுபடி வெட்டறேன்... வேலையை விடறதா?... ம்... ம்... நினைக்காம இருப்பேனா? சாயங்காலம் வரைக்கும் அதேதான் நினைப்பு. தொண்டை கட்டிடுச்சு, இடுப்பு விட்டுப்போச்சு. ஆனா நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து வெறும் போர்டைப் பார்த்தா, திரும்பவும் வாயை மூடிக்கும்க்கா.

இரு, செருப்புச் சத்தம்... ஹெச்.எம்.தான்... சொல்லுங்க மேடம்... இல்ல, அக்காதான் பேசறாங்க... அய்யோ, தரையில உக்காராதீங்க, முட்டி வலின்னீங்களே... கத்தரிக்கோல் எதுக்கு மேடம்?... நீங்களா?... ஆங், அந்தக் கோட்டு மேலயே வெட்டணும்... ஆமா, அப்படித்தான்.

அக்கா... தெரியல, வந்து உக்காந்துட்டாங்க... இரு அக்கா, ஒரு நிமிஷம்... மூணாங்கிளாஸுக்கும் சேர்த்தா மேடம்?... இன்னிக்கேவா?...

அக்கா, லேட்டாகும்போல. பாப்பா எழுந்தா நீயே ஊட்டிடு... வந்து சொல்றேன், வந்து சொல்றேன்... வெக்கறேன்.