பலகை வாள்

"தம்பி, உம்மடை படத்திலையிருந்து என்ரை மகனை எடுத்துப்போடும்."

கரவெட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இருந்த பெண் பக்கத்து இளைஞனிடம் இப்படிச் சொன்னார்.

"ஏன் அன்ரி? வாள்வெட்டுப் பெடியளைப் பற்றிப் படம் எடுத்து ஊர் மானத்தை வாங்கிப்போட்டன் எண்டு சனம் என்னைத்தான் ஏசுது. உங்கடை மகன்ரை நடிப்பை ஒருத்தரும் குறை சொல்லேல்லை."

"அதுதான் பயமாக் கிடக்கு."

"பொலிசுக்கெண்டு பயப்பிடாதேங்கோ. எல்லாம் நடிப்பு. அந்த வாளைக்கூடப் பலகையிலை செய்து, வெள்ளிப் பெயின்ற் அடிச்சு, நான்தானே அவனிட்டைக் குடுத்தனான்."

"ஓம், குடுத்தனீர்."

கோப்பாயில் பாதிப் பஸ் இறங்கியது. அவர் குரலைத் தாழ்த்தினார். வெட்கமில்லாமல் நானும் முன்னுக்குச் சாய்ந்தேன்.

"நேற்று அவன்ரை அறையைக் கூட்டேக்கை கட்டிலுக்குக் கீழை கண்டனான். நீர் குடுத்த பலகை வாள். நீர் சுத்தின பேப்பர்கூட இன்னும் பிரிக்கேல்லை."

இளைஞன் அவர் பக்கம் திரும்பினான்.

"அப்ப படத்திலை அவன் பிடிச்சிருக்கிற வாள் எங்காலை வந்தது, தம்பி?"