அயர்லாந்துச் சீமாட்டிக்கு வைத்த நேர்த்தி

மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் குருநகர் மீன்காரப் பெண்கள் இருவர் நின்றார்கள். மூத்தவள் திடீரென்று, "இனி எங்கடை வெள்ளைக்காரச் சுவாமியார் பிரபுவாகமாட்டார்" என்று சொல்லிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

"சுவாமியார் ஏனக்கா பிரபுவாக வேணும்?"

"உனக்குத் தெரியாதே? அயர்லாந்திலை அவரின்ரை தமையன் பெரிய பிரபு. பரம்பரைப் பட்டம், கோட்டை மாதிரி வீடு. தமையன் செத்துப்போகேக்கை அவற்றை மனிசி பிள்ளைத்தாச்சி. அந்தப் பிள்ளைக்குப் பட்டம் போகாட்டி இவருக்குத்தான். பிறகு இஞ்சை நிப்பாரே?"

"அவர் போனால் கோயிலிலை வந்து கிடக்கிற அகதிச் சனத்தை ஆர் பாக்கிறது?"

"அதுதானே. எங்கடை ஊர் மாதிரி அங்கையும் வீடுவளவு பெட்டைக்குத்தானே சீதனமாப் போகுமெண்டு நினைச்சு, பொம்பிளைப் பிள்ளை பிறக்க வேணுமெண்டு அந்தோனியாருக்கு ஒரு கட்டு மெழுகுதிரி நேர்ந்தன்."

"சரியாத்தானே நேர்ந்திருக்கிறியள்."

"சுவாமியாரிட்டைச் சொன்னன். தன்ரை தலையிலை கைவைச்சிட்டார். அங்கை பட்டம் ஆம்பிளைப் பிள்ளைக்குத்தானாம். ஓடிப்போய்ப் பெடியன் வேணுமெண்டு இன்னொரு கட்டு நேர்ந்தன்."

வரிசை நகர்ந்தது. வெறும் மண்ணெண்ணெய்க் கான்களைக் காலால் தள்ளிக்கொண்டு இருவரும் நடந்தார்கள்.

"பிறகு?"

"மூண்டு மாதம் சுத்திக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. பெடியன் பிறந்திட்டான். அவன்தான் இனிப் பிரபு. சுவாமியார் எங்களோடைதான்."

"அப்பாடா! அப்ப முதல் நேர்த்தியை விடுங்கோ அக்கா. மெழுகுதிரி கிடைக்கிற காலமே இது?"

"எப்பிடி விடுறது? பிறந்தது ரெட்டைப் பிள்ளையள். மற்றது பெட்டை."