செவப்பக் கொஞ்சம் எறக்குனா

இல்லீங்க மேடம், எழுதிக் குடுக்கறனுங்க, ஸ்டேசனுக்கு வந்துட்டு மாட்டேன்னு சொல்லல. அதுக்கு முன்னால வாயால சொல்லிப்போடறேன். பேனாவக் கையில எடுத்தா நல்லா இருக்கற மாதிரி எழுதிப்போடுவனுங்க. என்ற வேலையே அதுதான், இருக்கறத நல்லா இருக்கற மாதிரி மாத்திக் குடுக்கறது.

எந்தக் கேஸுன்னா... வாரனுங்க. வரிசையாச் சொன்னாத்தான் எனக்கு வரும்.

பீளமேட்டுல ஒரு ஸ்டுடியோவுல இருக்கேன். படம் எடுக்கறது நானில்ல, அது அக்பர் அலி அண்ணன். அவரு எடுத்துக் குடுப்பாரு, நான் கம்ப்யூட்டர்ல உக்காந்து எடிட் பண்ணுவேன். பதினோரு வருசமாச்சுங்க. குழந்தைங்க படம் மட்டுந்தான், அதுலயும் கறுப்பு வெள்ளை. இப்ப எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. கலர்ல எடுத்தா பலூனு தெரியும், கவுனு தெரியும். கறுப்பு வெள்ளையில மூஞ்சி மட்டும் வந்து முன்னால நிக்கும்.

என்ன எடிட் பண்ணுவீங்கன்னா... மூக்குச்சளி, கொசுக்கடி, வாயோரத்துல ஒட்டுன பிஸ்கோத்து, விழுந்து செராச்ச முட்டி. எல்லாம் எடுத்துருவனுங்க. ஒருக்கா ஒரு பையன் அழுதுட்டே உக்காந்திருந்தான், கன்னத்துல ஒரு சொட்டு நின்னுச்சு. அதையும் எடுத்துட்டேன். படத்தப் பாத்துட்டு அவங்கம்மா, ஏனுங்க, அந்தக் கண்ணீரு எங்கன்னு கேட்டாங்க. திருப்பி வெச்சுக் குடுத்தேன். அப்புடியும் சில பேரு இருக்காங்க. ஆனா முக்காவாசிப்பேரு தொடைச்சு வெச்ச மாதிரிதான் கேப்பாங்க.

சரிங்க, விசயத்துக்கு வாரேன். ஏப்ரல் மாசம், குருத்தோலை ஞாயிறு முடிஞ்ச செவ்வாக்கெழம ஒரு பாப்பாவக் கூட்டிட்டு வந்தாங்க. அப்பாவும் அம்மாவும். ஆறாவது பொறந்தநாளு. பொறந்த பத்தாம் நாள்ல இருந்து எங்ககிட்டத்தான் எடுக்கறாங்க. அந்தப் பாப்பாவோட மூஞ்சியில எங்க மச்சம் இருக்குது, எந்தப் பக்கம் சிரிச்சா குழி உழுகும், அத்தனையும் எனக்கு அத்துப்படிங்க. வெள்ளக் கவுனு, கையில்லாதது. நாற்காலிய அந்தப்பக்கம் திருப்பிப் போட்டு, அது மேல ரெண்டு கையையும் மடிச்சு வெச்சு, தாடைய அதுல சாச்சு ஒரு போஸு. எப்பவும் கலகலன்னு பேசற புள்ள. அன்னைக்கு அக்பர் அண்ணன் குரங்கு மாதிரியெல்லாம் ஆடிக் காட்டறாரு, சிரிக்கவே இல்ல. சரி, வெய்யக் காலம், அலுப்பா இருக்கும்னு நெனச்சுட்டோம்.

அவங்க வந்து போன மக்யா நாளு நான் அத எடுத்து எடிட்டுக்குப் போட்டேன். கலர்ல பாத்தா ஒன்னுமே இல்லீங்க. நம்ம புள்ளைங்க மாநெறம், பவுடர் வேற பூசியிருந்தாங்க. கறுப்பு வெள்ளையா மாத்தறப்ப எந்தக் கலரு எவ்வளவு வெளுப்பா வரோணும்னு நாமளே வெக்கலாம். செவப்ப ஏத்துனா தோலு பால் மாதிரி ஆயிரும். கொஞ்சம் எறக்குனா தோலுக்குள்ள இருக்கறதெல்லாம் மேல வந்துரும். நான் எப்பவும் மொதல்ல எறக்கித்தான் பாப்பேன். என்னென்ன எடுக்கோணும்னு அப்பத்தான் தெரியும்.

எறக்குனனுங்க.

எடது கையில, தோளுக்குக் கீழ, வெளிப்பக்கம் நாலு திட்டு. வரிசையா. உள்பக்கம் கொஞ்சம் பெருசா ஒன்னு.

கொசுக்கடின்னு நெனச்சு மொதல் ஒன்ன எடுத்துட்டேன். கை தானாப் போகுமுங்க, பதினோரு வருசப் பழக்கம். ரெண்டாவது எடுத்தேன். மூணாவது எடுக்கறப்ப கை நின்னுபோச்சு. படத்தப் பெருசு பண்ணி, என்ற கைய எடுத்து ஸ்கிரீன் மேல வெச்சுப் பாத்தேன். நாலு வெரலும் நாலு மேல உக்காந்துச்சு. கட்டவெரலு அந்த ஒன்னு மேல.

இல்லீங்க மேடம். நிறுத்தலீங்க. அதத்தான் சொல்ல வந்தேன். மொத ரெண்டும் பழக்கத்துல எடுத்தது. மிச்ச மூணும் தெரிஞ்சே எடுத்தேன். கட்டவெரலு எடந்தான் கஷ்டம், அங்க கவுனோட நெழலு உழுகுது. அதுக்கு மட்டும் அர மணி நேரம் உக்காந்து வேல செஞ்சனுங்க. அவ்வளவு அழகா வந்துச்சு அந்தப் படம்.

பெரிய சைஸுல பிரேம் போட்டு, கீழ மூலையில தேதி போட்டுக் குடுத்தோம். வாங்கறக்கு அம்மா மட்டும் வந்திருந்தா. பேரு அன்புக்கரசி. கண்ணாடி மேல வெரல வெச்சு அந்தக் கையத் தடவிப் பாத்தா. தோள்ல இருந்து முட்டி வரைக்கும். அப்பறம் தலையத் தூக்கி என்னயப் பாத்தா. பைக்குள்ள வெச்சுட்டுப் போயிட்டா.

ஆமாங்க. அந்தக் கேஸுதான். மதுக்கரை. பாப்பா பேரு இளவேனில்.

ஜூன்ல அவ பொள்ளாச்சி, அவங்கம்மா ஊட்டுக்குப் பாப்பாவக் கூட்டிட்டுப் போயி, அங்கிருந்து வந்து உங்ககிட்ட எழுதிக் குடுத்தா. குருத்தோலை ஞாயித்துக்கெழம பாப்பா கைய அவங்கப்பா புடிச்சு முறுக்குனாரு, வெரல் தடம் ஒரு வாரம் இருந்துச்சுன்னு. அவரு அந்த பிரேமத் தூக்கிட்டு வந்து இதே மேச மேல வெச்சாரு. பாருங்க, அதுக்கு ரெண்டு நாளுக்கு அப்பறம் எடுத்த படம், தேதி போட்டிருக்குது, எங்க இருக்குது தடம்னு.

நீங்க சும்மா விடலீங்க மேடம், உங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். ஸ்டுடியோ நம்பர வாங்கிக் கூப்புட்டீங்க. நாந்தான் எடுத்தேன். இந்தப் படத்துல ஏதாச்சும் மாத்தியிருக்கீங்களாம்மான்னு கேட்டீங்க. வெளிச்சத்த மட்டும் சரி பண்ணுனேன், வேற ஒன்னுமில்லீங்கன்னு சொன்னேன். கொரலு நடுங்கக்கூட இல்ல. நீங்க நன்றிம்மான்னு சொல்லி வெச்சுட்டீங்க.

அந்த நன்றி இன்னும் காதுல இருக்குதுங்க.

அவ பொய் சொல்றான்னு ஆயிப்போச்சு. அவங்க ஊட்டுலயே, புருசன் பொஞ்சாதி சண்டைக்குப் புள்ளைய இழுக்கறயான்னு திட்டி, திருப்பி மதுக்கரைக்கே கொண்டாந்து உட்டுட்டாங்க. பாப்பா அவரு கூடவே ஒரே ஊட்டுல.

ஏன் சொன்னேன்னா... பயமுங்க. வேல போயிரும்னு இல்ல. வேற பயம். சொல்றேன்.

முந்தாநேத்து அவரு என்ற ஃபோனுக்கு ஒரு படம் அனுப்புனாரு. பள்ளிக்கூட அட்டைக்கு ஒட்டற படம், ஊட்டுலயே செவுத்துல சாச்சு எடுத்தது. எடது காதுக்குக் கீழ, தாடை வரைக்கும் வீங்கியிருக்குது. இதுக்குச் செவப்ப எறக்கவே வேண்டீதில்லீங்க மேடம். சும்மா பாத்தாலே தெரியுது. கூடவே பேசியும் அனுப்பியிருந்தாரு. போன தடவ பண்ணுன மாதிரியே நீட்டாப் பண்ணிக் குடுன்னு.

போன தடவ பண்ணுன மாதிரியே. அப்ப அவருக்குத் தெரியுதுங்களே. நான் பாத்ததும் தெரியும், எடுத்ததும் தெரியும், உங்ககிட்டப் பொய் சொன்னதும் தெரியும். இத்தன நாளா நான் என்னமோ அவரக் காப்பாத்தறேன்னு நெனச்சுட்டு இருந்தேன். அவரு என்னயக் கூட்டாளியாவே சேத்துக்கிட்டாரு. அவரு அடிக்கறது, நான் அழிக்கறது.

ரெண்டு நாளா இதே நெனப்புதானுங்க. எந்தப் புள்ள படத்த எடுத்தாலும் கை பாக்கறேன், கழுத்து பாக்கறேன். நேத்து ஒரு கொசுக்கடிய வெச்சுட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருக்கேன். அக்பர் அண்ணன் வந்து, என்னாச்சும்மான்னாரு. அவருகிட்ட எல்லாத்தையும் கொட்டிப்போட்டேன். அவருதான் கேமராவுல இருந்து வந்த மொத ஃபைல எடுத்துப் பென்டிரைவுல போட்டுக் குடுத்து, போயிட்டு வா, நானும் வேணும்னா வந்து சாட்சி சொல்றேன்னாரு. நல்ல மனுசன்.

இந்தாங்க. இதுல நான் கை வெக்காத படம் இருக்குது. எடுத்த தேதி, மணி எல்லாம் ஃபைலுக்குள்ளயே இருக்குமுங்க, யாரு வேணும்னாலும் பாக்கலாம். இது செவப்ப எறக்கி எடுத்த பிரிண்டு. எண்ணிப் பாருங்க. அஞ்சு. இன்னொன்னு, அவரு முந்தாநேத்து அனுப்புனது.

பாப்பா இப்ப பள்ளிக்கூடத்துலதானுங்க இருக்கா. மூணே முக்காலுக்கு உடுவாங்க. செவ்வா, வியாழன் அவருதான் வண்டியில வந்து கூட்டிட்டுப் போவாரு. இன்னைக்கு வியாழன். அதுக்கோசரம்தான் ஓடி வந்தேன்.

ஃபோன் பண்ணுங்க மேடம், பண்ணுங்க. நான் இருக்கறேன்.

...ஆளு கெளம்பிட்டாங்களா? ரெண்டு பேருங்களா? ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டயும் பேசிட்டீங்களா? சாமி... அன்புக்கரசிய நானே கூப்புட்டுச் சொல்லட்டுங்களா? நீங்களே சொல்லுங்க. நான் கூப்புட்டா எடுக்க மாட்டா. எடுக்காததும் நாயந்தானுங்க.

இல்லீங்க, நான் அழுகல. சளி புடிச்சிருக்குது.

எழுதறனுங்க. உங்ககிட்ட ஃபோன்ல பொய் சொன்னதையும் எழுதோணுங்களா? எழுதறேன். அதுக்கு என் மேல கேஸு வந்தாலும் சரிங்க, வரட்டும்.

அவரு பேசி அனுப்புன கொரலா? இருக்குதுங்க, அழிக்கல. போடறேன், கேளுங்க.

கேட்டீங்களா. அவ்வளவுதான்.

ஆமாங்க, அக்கான்னுதான் கூப்புடறான். மரியாதைக்குக் கூப்புடறது இல்லீங்க மேடம். எங்கப்பா அமிர்தநாதனுக்கு நாங்க ரெண்டே புள்ளைங்க. மூத்தது நான், ஃபெமினா. எனக்கு அடுத்தவன் இவன், வின்ஸ்டன். எங்கம்மா போறப்ப அவனுக்கு எட்டு வயசு. நாந்தான் குளிக்க வார்த்து, சோறு ஊட்டி வளத்துனேன்.

இங்க உறவுன்னு ஒரு கட்டம் இருக்குதுங்களே, அதுல அத்தைன்னே எழுதிக்கட்டுங்களா?